நம் சிப்காட்டின் மின்சாரமும் எண்ணூரின் சாம்பலும்: ஒரு கணக்கு கேட்கிறேன்

தகடு_ராணிப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறிய தகட்டுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். அனல்மின் நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் நின்று சாம்பலைப் பிடிக்கும் நிலைமின் வடிகட்டிக்கு, அதாவது நாம் எல்லோரும் ஈ.எஸ்.பி. என்று சொல்லும் அந்தப் பெரிய பெட்டிக்கு, உதிரிப் பாகங்களைத் துணை ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பதே எங்கள் பிழைப்பு. பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இந்த ஊரில் இருப்பதால் இப்படிப்பட்ட பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சென்ற மாதம் மின்கட்டண அட்டையைப் பார்த்தபோது 20,400 யூனிட் என்று இருந்தது. கட்டணத்தைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி ஏறக்குறைய 700 கிராம் எரிகிறது என்று வாடிக்கையாளர் ஒருவருடைய வரைபடக் குறிப்பில் முன்பு படித்திருந்தேன். அதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் என் பட்டறைக்காக மாதம் பதினான்கு டன்னுக்கு மேல் நிலக்கரி எரிந்திருக்கிறது. அந்த நிலக்கரியில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு சாம்பல் என்று கொண்டால் ஐந்தரை டன் வருகிறது. டிப்பர் லாரியில் பாதி வண்டி. என் பட்டறை வாசலில் மாதந்தோறும் அரை வண்டிச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போனால் நான் சும்மா இருப்பேனா? அது வேறெங்கோ கொட்டப்படுவதால்தானே எனக்குத் தெரியாமல் இருக்கிறது?

என் கேள்வி இதுதான். நமக்கு வரும் மின்சாரம் எண்ணூரிலிருந்து வருகிறது என்று சொல்வது சரியா? சரியென்றால் இந்தக் கணக்கும் சரியா? தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

திருவலம்_ஓய்வூதியர்

தம்பிக்கு வணக்கம். மின்வாரியத்தில் துணைமின் நிலையங்களிலும், எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் பளு அனுப்பும் பிரிவிலும் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பெருக்கல் சரி, ஆனால் கேள்வியில் ஒரு சிறு பிழை இருக்கிறது. பாசனக் கால்வாயில் எந்த மதகின் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று சுட்டலாம். மின்தொகுப்பில் அப்படிச் சுட்ட முடியாது. வடசென்னை, வல்லூர், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி, கூடங்குளம், கயத்தாற்றுக் காற்றாலை எல்லாம் ஒரே தொகுப்பில் ஊற்றுகின்றன, நாம் எல்லோரும் அதிலிருந்தே மொள்கிறோம்.

அது மட்டுமல்ல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைக்கப்பட்ட பிறகு தென்னகத் தொகுப்பும் நாட்டின் மற்றத் தொகுப்புகளும் ஒரே அலைவெண்ணில் ஓடுகின்றன. அதற்கு முன் நாம் தனித்தீவாக இருந்தோம். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வடநாட்டின் பெரும்பகுதி இருண்டபோது நாம் தப்பியது அதனால்தான். அந்த ஆண்டு நமக்குத் தினமும் இருட்டுதான் என்பதால் தப்பியது யாருக்கும் தெரியவில்லை. இன்று நம் திருவலத்தில் பொன்னையாற்று இரும்புப் பாலத்தைக் கடந்து போகும்போது கோபுரம் கோபுரமாகத் தெரிகிறதே, அங்கே கர்னூலிலிருந்து 765 கிலோவோல்ட் தடம் வந்து இறங்குகிறது. ஆகவே எங்கோ வடக்கில் சுரங்க வாயிலிலேயே எரியும் நிலக்கரியும் உங்கள் பட்டறை மோட்டாரைச் சுழற்றுகிறது. அந்தச் சாம்பல் அந்த ஊரிலேயே கிடக்கிறது.

ஆனாலும் எண்ணூரை விட்டுவிட முடியாது. நம் மாவட்டங்களுக்கு அருகில் இருக்கும் பெரிய நிலக்கரி நிலையங்கள் அங்கேதான் இருக்கின்றன. 1970-இல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்த பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. வடசென்னை முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் அலகு ஒன்று. பக்கத்தில் வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் நம் வாரியமும் கூட்டாக நடத்தும் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. 600 மெகாவாட் அலகு ஒன்று நாள் முழுதும் முழுப் பளுவில் ஓடினால் ஏறத்தாழ 10,000 டன் நிலக்கரி வேண்டும். சரக்கு ரயில் கணக்கில் அது இரண்டரை ரயில். இந்த நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. 2001-இல் அந்தத் துறைமுகத்தைத் திறந்ததே முக்கியமாக இதற்காகத்தான். நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல் உள்ள நிலக்கரிக்கு ரயில் வாடகையும் கப்பல் வாடகையும் கொடுக்கிறோம் என்றால், எரியாத மண்ணுக்கும் சேர்த்தே வாடகை கொடுக்கிறோம் என்று பொருள். 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் நிலக்கரியில் சாம்பல் 34 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2014-இல் ஒரு விதி வந்தது. 2020 மே மாதம் அதையும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கணக்கில் ஒரே திருத்தம். பட்டறை பகலில் மட்டும் ஓடுகிறது என்றால், வெயில் நேரத்தில் சூரிய மின்சாரமும் வைகாசி முதல் ஆவணி வரை காற்றாலையும் கணிசமாகத் தொகுப்பில் கலந்திருக்கும். இறக்குமதி நிலக்கரி கலந்த இடத்தில் சாம்பலும் குறையும். ஐந்தரை டன்னைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள், பெரிய தவறு வராது.

ஆம்பூர்_பாய்

பொறியாளர் ஐயா 2012-ஐ நினைவுபடுத்திவிட்டார்கள், ஆகவே என் பங்குக்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடுகிறவர்களுக்கு மின்வெட்டு என்பது விளக்கு அணைவது மட்டும் அல்ல. மரப்பீப்பாய்க்குள் தோலும் தண்ணீரும் சரக்கும் போட்டு மணிக்கணக்கில் உருட்ட வேண்டும். உருட்டல் பாதியில் நின்றால், மேலே கிடக்கும் தோல் ஒரு நிறமாகவும் அடியில் ஊறும் தோல் ஒரு நிறமாகவும் ஆகிவிடும். அதை வெளிநாட்டு வாங்குநர் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த நொடியிலேயே இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடுவார். 2008-இல் கட்டுப்பாடு தொடங்கியபோது உயர் அழுத்த இணைப்புக்காரர்கள் எல்லோரும் வெட்டுக்கு உட்பட்டோம். மாலை உச்ச நேரத்தில் விளக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மோட்டாரைத் தொடக் கூடாது என்ற நிலை. டீசல் ஜெனரேட்டர் வாங்கினோம். அந்தப் புகையை யாரும் அளக்கவில்லை.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. பாலாற்றைக் கெடுத்துவிட்டோம் என்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். அந்தத் தீர்ப்பு நியாயமானது. என் தாத்தா காலத்தில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஆற்றில் என் மகன் காலத்தில் கால் வைக்க முடியவில்லை, இதில் நாங்கள் வாதாட ஒன்றும் இல்லை. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்ற கட்டாயம் வந்தது. ஒரு சொட்டும் விடாமல் இருப்பது எப்படி? கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ள வேண்டும், மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் ஆறாக ஓட வேண்டும். அந்த நிலையங்களுக்கு நாங்கள் கட்டும் பங்குத் தொகையில் பெரிய பகுதி மின்கட்டணம்தான்.

ஆகவே தகட்டுக்காரத் தம்பியின் கணக்கைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலாற்றில் விடாத அழுக்கை நாங்கள் சாம்பலாக மாற்றி வேறோர் ஆற்றில் விடுகிறோமோ? இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை எடுக்கும் மின்சாரத்துக்கு உயர் அழுத்த இணைப்பில் தள்ளுபடி உண்டு என்பதால் நாங்கள் பீப்பாயை இரவில்தான் உருட்டுகிறோம். அந்த நேரத்தில் சூரியன் இல்லை.

காட்பாடி_மாணவன்

அனைவரும் நிலக்கரியை விதி போலப் பேசுகிறீர்கள். கோடையில் தமிழ்நாட்டிலேயே கூடுதலாக வெயில் அடிக்கும் ஊர்களில் வேலூர் ஒன்று. சிப்காட் கொட்டகைகளின் கூரையெல்லாம் தகடுதான். அத்தனையிலும் சூரியப் பலகை பதித்துவிட்டால் இந்த அரை வண்டிச் சாம்பல் கணக்கே எழாது அல்லவா? பழைய 210 மெகாவாட் அலகுகளை ஏன் இன்னும் ஓட்ட வேண்டும்?

திருவலம்_ஓய்வூதியர்

கூரையில் பதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என் வீட்டு மாடியிலும் மூன்று கிலோவாட் இருக்கிறது. ஆனால் பளு அனுப்பும் அறையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடை நாளில் நண்பகல் கடினமான நேரமே அல்ல, சூரியன் தாங்கிக்கொள்ளும். ஐந்தரைக்கு மேல் சூரியன் இறங்க இறங்க, வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறிடத்திலிருந்து ஏற்ற வேண்டும். நீர்மின் நிலையத்தில் மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் வரும். கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு நீரேற்று நிலையம் இருக்கிறது, இரவில் குறைந்த பளுவின்போது தண்ணீரை மேலேற்றி மாலையில் இறக்குவதற்காகக் கட்டியது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று பல ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற பளுவில் பெரும்பகுதி நிலக்கரியின் தலையில்தான் விழுகிறது.

நிலக்கரி அலகு அடுப்பைப் போல அணைத்து ஏற்றக்கூடியது அல்ல. முற்றிலும் குளிர்ந்த அலகு ஒன்றை மீண்டும் தொகுப்பில் இணைக்கப் பல மணி நேரம் ஆகும். 540 பாகை நீராவி ஓடும் குழாயும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் சுழலியும் மெல்லச் சூடேற வேண்டும், அவசரப்பட்டால் உலோகம் வெடிப்பு விடும். ஆகவே மாலைக்கு வேண்டும் என்பதற்காக நண்பகலிலும் அதை அணைக்காமல், பாதிப் பளுவுக்குச் சற்று மேலே இறக்கி வைத்துப் புகைய விடுகிறார்கள். அந்த நிலையில் யூனிட்டுக்கு எரியும் நிலக்கரியும் கூடும். மாணவரே, நீங்கள் கூரையில் பலகை பதித்தால் நண்பகல் நிலக்கரி குறையும். பாய் இரவில் உருட்டும் பீப்பாய்க்கு மின்கலமோ நீரேற்று நிலையமோ வரும் வரை நிலக்கரிதான். அதை மறைத்துப் பேசினால் நாளை வெட்டு வரும்போது மக்கள் சூரிய மின்சாரத்தையே திட்டுவார்கள். என் பயம் அது.

முகத்துவாரத்துப்_பெண்

நான் ஆற்காட்டுக்கு மருமகளாக வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில். இங்கே எல்லோரும் டன்னிலும் மெகாவாட்டிலும் பேசுவதால் சற்றுத் தயங்கினேன். ஆனாலும் நீங்கள் கேட்கும் அரை வண்டிச் சாம்பலை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். குழாய் எந்த நிலையத்தினுடையது என்பதை எழுதப் போவதில்லை, அது என் நோக்கமும் இல்லை.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். குழாய் கழிமுகத்தின் மேல் தூண்களில் போகும். உள்ளே ஓடுவது மணல் கலந்த தண்ணீர் போன்றது என்பதால் இணைப்புகள் அரித்துப்போகும். அரித்த இடத்தில் விசிறிபோலப் பீச்சும். சிறுவயதில் வெயில் நாட்களில் அதன் அடியில் போய் நின்று நனைந்திருக்கிறோம். காய்ந்த பிறகு கை முடியெல்லாம் வெளுத்து, கிழவி போல இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம்.

சேறு எப்படி மாறியது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முன்பு கழிமுகத்துச் சேறு கறுப்பாக, முழங்கால் வரை இழுக்கும். இருளர் பெண்கள் பறி என்னும் ஓலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு அந்தச் சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பார்கள். கையில் கண் இருக்கிறது என்று என் அம்மா சொல்வார். சாம்பல் படிந்த இடத்தில் சேறு சாம்பல் நிறமாக இறுகி, கால் வைத்தால் புதையாமல் பொருக்கு உடைவது போல நொறுங்கும். அதற்குள் இறால் எப்படி வளை தோண்டும்? அப்பா படகு கட்டிய இடத்தில் பின்னாளில் நீர் வற்றிய நேரத்தில் நாங்கள் நடந்தே கடந்தோம். ஆழம் போனதும் மடவை மீனும் போனது. கருவாடு காயவைத்த பாயில் காற்றடித்த நாளில் மாவு சலித்தது போல ஒரு படலம் இருக்கும், அம்மா ஒவ்வொன்றாகத் தட்டித் திருப்பிப் போடுவார்.

ஆற்காட்டில் எங்கள் வீட்டில் மின்சாரம் நிற்பதே அரிது. மாமியார் கிரைண்டர் போடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும் என்று சொன்னால் பொய். எப்போதாவது வரும்.

காவேரிப்பாக்கம்_கடைமடை

சகோதரியின் பதிவைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் கடலில் சேரும் ஆறு எது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அது கொசஸ்தலை ஆறு. அதன் நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதி பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கிறது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டில் திரும்பும் தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த மிகுதி கொசஸ்தலையில் சேர்ந்து, கேசாவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவமாகப் பிரிய, மற்றது பூண்டி வழியாக எண்ணூர் போகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது எங்கள் ஏரிக் கலங்கலில் நின்று பார்த்தேன், நுரையும் ஆகாயத்தாமரையுமாகப் போன அந்தத் தண்ணீர் முடிவில் சகோதரியின் ஊருக்குத்தான் போயிருக்கிறது.

ஆம்பூர் பாய் வேறோர் ஆற்றில் விடுகிறோமோ என்று கேட்டார். வேறோர் ஆறு அல்ல பாய், நம் ஏரியின் வடிகால்தான். பாலாற்றின் தலையில் செய்த தவறுக்கு நம்மைக் கோர்ட்டு நிறுத்தியது. இந்த ஆற்றுக்கு நாம் தலையில் இருக்கிறோம், கடைமடையில் இருப்பவர்கள் சாம்பலோடு நிற்கிறார்கள். கடைமடை விவசாயிக்கு அந்த வருத்தம் நன்றாகத் தெரியும்.

தகடு_ராணிப்பேட்டை

இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். தங்கையின் பதிவைப் பட்டறையில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

என் தொழிலைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கவில்லை. ஈ.எஸ்.பி. என்பது எளிய கருவி. வரிசை வரிசையாகத் தகடுகள் தொங்கும், இரண்டு தகட்டு வரிசைக்கு நடுவே முந்நூறு முதல் நானூறு மில்லிமீட்டர் இடைவெளி, அந்த இடைவெளியின் நட்டநடுவில் கம்பிகள். கம்பிக்குப் பல பத்தாயிரம் வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்தால் புகையில் வரும் சாம்பல் துகள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டும். சற்று நேரத்துக்கு ஒருமுறை சுத்தியல் தகட்டின் ஓரத்தில் ஓர் அடி அடிக்கும், சாம்பல் பாளம் பாளமாகக் கீழே புனலில் விழும். தகடு ஆள் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு நீளம். அதில் வளைவு இருந்தால் அந்த இடத்தில் கம்பிக்கும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்து பொறி பறக்கும், அழுத்தம் விழும், அந்தப் புலம் முழுவதும் சாம்பலைப் பிடிக்காது. ஆகவே அனுப்பும் முன் நூல் கட்டிப் பார்ப்போம். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதால் சாம்பலின் மின்தடை அதிகம், எளிதில் பிடிபடாது. மற்ற நாடுகளில் வைப்பதைவிடப் பெரிய பெட்டி நமக்கு வேண்டும். கன மீட்டர் புகையில் ஐம்பது கிராம் சாம்பல் உள்ளே போனால் ஐம்பது மில்லிகிராம்தான் வெளியே வரலாம். 2015 டிசம்பரில் வந்த விதிப்படி புதிய நிலையங்களுக்கு முப்பதுதான்.

ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வானத்துக்குப் போகாமல் பிடிக்கிறோம் என்பதே அந்தப் பெருமை. மிச்சம் 999 பங்கு எங்கே போகிறது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வரைபடத்தில் புனலோடு படம் முடிந்துவிடும். புனலுக்குக் கீழே இன்னொருவருடைய ஒப்பந்தம். புகைபோக்கியிலிருந்து சாம்பலை இறக்கிக் கொடுத்ததே நாங்கள்தான், அது தண்ணீரில் கரைந்து தங்கையின் ஊர்ச் சேற்றில் இறுகியிருக்கிறது. ஈ.எஸ்.பி. இல்லாவிட்டால் அது அவர்கள் நுரையீரலில் இருந்திருக்கும் என்பதும் உண்மைதான், அதனால் கருவியைக் குறை சொல்லவில்லை.

புனலிலிருந்து ஈரமாக்காமல் எடுக்க வழியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல்கல்_அணைக்கட்டு

அண்ணே, வழி இருக்கிறது, அதில்தான் நான் பிழைக்கிறேன். வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எட்டு ஆண்டுகளாகச் சாம்பல் கல் அறுக்கிறேன். புனலிலிருந்து காற்றழுத்தத்தில் சாம்பலை உலர்ந்தபடியே உறிஞ்சிப் பெரிய குதிருக்குக் கொண்டுபோவார்கள். குதிரின் அடியில் மூடிய தொட்டி லாரி நின்றால் குழாய் வாயை இறக்கி நிரப்பிவிடுவார்கள். சிமென்ட் ஆலைகள்தான் பெரிய வாடிக்கை. நீங்கள் கடையில் வாங்கும் பி.பி.சி. சிமென்ட் மூட்டையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பங்கு வரை இந்தச் சாம்பல்தான். அடுப்பின் அடியில் விழும் கட்டிச் சாம்பலும், யாரும் எடுக்க வராத உலர் சாம்பலும்தான் தண்ணீரோடு குளத்துக்குப் போகின்றன.

எங்களைப் போன்றவர்களுக்குச் சாம்பலின் விலை பெரிதல்ல, வாடகைதான் பெரிது. எண்ணூரிலிருந்து இங்கே வர நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சாம்பல் பயன்பாட்டு விதி 1999-இல் வந்தபோது நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கட்டாயம் என்று இருந்தது. 2003-இல் 100 ஆனது, 2016-இல் 300 ஆனது. அந்த 2016 விதியில் 100 கிலோமீட்டர் வரை போக்குவரத்துச் செலவு முழுவதும் நிலையத்தினுடையது, அதற்கு மேல் 300 வரை ஆளுக்குப் பாதி என்று எழுதியிருந்தது. அந்த விதியில் வேலூர்க்காரன் பாதிக் கணக்கில் நின்றான். அந்தப் பாதியைக் கேட்டு வாங்குவதற்கு நடந்த நடை வேறு கதை.

சிக்கல் வேறிடத்திலும் இருக்கிறது. பொறியாளர் ஐயா சொன்ன அதே காற்று எங்களுக்கு எதிரி. ஆனி, ஆடியில் காற்றாலை நன்றாக ஓடினால் நிலையத்தில் அலகுகளை நிறுத்திவிடுவார்கள். சாம்பல் வராது, லாரி வரிசையில் மூன்று நாள் நிற்கும். மாணவத் தம்பி சொல்கிறபடி எல்லாம் சூரியனாகிவிட்டால் நான் மீண்டும் களிமண்ணுக்குத்தான் போக வேண்டும். நம் பக்கத்தில் எத்தனை நஞ்சை நிலத்தின் மேல்மண் சூளைக்குப் போனது என்பதைப் பாலாற்றங்கரையில் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும் வயல்களே சொல்லும்.

இன்னொன்று, மக்கள் வாங்க வேண்டும். வீடு கட்ட வருகிறவர் சிவப்புக் கல்லைத் தட்டி ஓசை கேட்பார். என் கல்லைப் பார்த்தால் சாம்பலில் வீடு கட்டினால் குடும்பம் விளங்குமா என்று கேட்டவர்களும் உண்டு. சிப்காட் கொட்டகைச் சுவர்களுக்குத்தான் அதிகம் போகிறது.

முகத்துவாரத்துப்_பெண்

அண்ணா, குளத்தில் ஏற்கெனவே கிடக்கும் பழைய சாம்பலில் கல் அறுக்க முடியாதா? உலர்ந்தது கிடைக்காத மாதங்களில் அதை எடுக்கலாமே?

சாம்பல்கல்_அணைக்கட்டு

எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் வலு குறையும். தண்ணீரில் கிடந்த சாம்பலில் பருமணலும் கட்டியும் கலந்திருக்கும், சுண்ணாம்போடு சேர்ந்து பிடிக்கும் தன்மையும் உலர் சாம்பல் அளவுக்கு இருக்காது. சிமென்ட் கூடுதலாகப் போட வேண்டும், அப்போது விலை கட்டாது. சாலைக் கரை நிரப்பவும் பள்ளம் மூடவும் அது நன்றாகவே உதவும். அப்படி லாரி லாரியாக எடுத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன். திறந்த லாரியில் தார்ப்பாய் கட்டாமல் போனால் வழியெல்லாம் உங்கள் அம்மாவின் கருவாட்டுப் பாய்தான்.

ஆம்பூர்_பாய்

எங்கள் சங்கக் கூட்டத்தில் வெள்ளிக்கிழமை இதைப் பேசினேன். பீப்பாய் ஓட்டத்தில் நேரம் மாற்றக்கூடியதைப் பகலுக்குக் கொண்டுவரலாம், கழிவுநீரைச் சவ்வில் தள்ளும் வேலையை முழுக்க நண்பகலில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். தொட்டி கொள்ளளவு இருந்தால் அது நடக்கும். இரவுத் தள்ளுபடி போய்விடுமே என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான், வெயில் நேரத்துக்கு அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தால் ஊரே நேரத்தை மாற்றிக்கொள்ளும்.

தகடு_ராணிப்பேட்டை

பட்டறைப் பின்பக்கச் சுவர் சென்ற மழையில் சாய்ந்தது முதல் தகரம் அடித்து வைத்திருக்கிறேன். அறுபது அடி நீளம், ஆறடி உயரம், ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஏறத்தாழ நாலாயிரம் கல் வேண்டும் என்று கொத்தனார் சொல்கிறார். ஒரு கல் மூன்று கிலோ, அதில் பாதிக்குச் சற்று மேல் சாம்பல் என்று வைத்தால் மொத்தம் ஆறு டன்னுக்கு மேல் வருகிறது. பொறியாளர் ஐயா பாதியாக்கிக் கொடுத்த கணக்குப்படி அது என் பட்டறையின் இரண்டேகால் மாதச் சாம்பல். பதினாறு ஆண்டுகளாகப் பட்டறை ஓடுகிறது. சரி, இந்தச் சுவரில் தொடங்குகிறேன். அணைக்கட்டுத் தம்பி, நாலாயிரம் கல் எப்போது கிடைக்கும்?

சாம்பல்கல்_அணைக்கட்டு

முன்பணம் வேண்டாம் அண்ணே, காற்று குறையட்டும். புரட்டாசி பிறந்ததும் இறக்கித் தருகிறேன். சிவப்புக் கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போட வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்தால் போதும் என்று கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.